திரைக்கு வராதவர்களின் பெருந்தொற்று: யூத சமூக நினைவுகளைச் சேகரிக்கும் நான்கு வழிகள்

2020 மார்ச் 9ஆம் தேதி மாலை பூரிம் பண்டிகை தொடங்கியபோது, நியூயார்க் நகருக்கு வடக்கே உள்ள நியூ ரொஷெல்லில் ஒரு ஜெப ஆலயத்தைச் சேர்ந்த பல குடும்பங்கள் ஏற்கெனவே தனிமைப்படுத்தப்பட்டிருந்தன. மறுநாள் மாநில அரசு அந்த ஆலயத்தை மையமாக வைத்து ஒரு மைல் ஆரமுள்ள கட்டுப்பாட்டு வளையத்தை அறிவித்தது. அமெரிக்காவில் பெருந்தொற்று முதலில் ஊடுருவிய சமூகங்களில் ஒன்று யூத சமூகம் என்பது இப்படித்தான் பதிவானது. அதற்கு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி இரவு, எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்கா விருந்துக்கு ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டிய குடும்பங்கள் தனித்தனி வீடுகளில் அமர்ந்திருந்தன. இறந்தவருக்காகக் காடிஷ் என்ற வேண்டுதலைச் சொல்ல வேண்டுமானால் பத்துப் பேர் கூடிய மின்யான் என்ற வழிபாட்டுக் குழு இருந்தாக வேண்டும் என்பது விதி. பத்துப் பேர் கூடுவதையோ அரசாணை தடுத்தது. இந்த அனுபவத்தை அடுத்த தலைமுறைக்கு எப்படிச் சேமித்து வைப்பது என்ற கேள்விக்கு நான்கு விடைகள் நடைமுறையில் உள்ளன. குறைந்த நிதியும் ஓரிரண்டு ஊழியர்களும் மட்டுமே கொண்ட ஓர் உள்ளூர் யூத அருங்காட்சியகம் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நோக்கில் அவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, எவரும் தம்மிடமுள்ள படத்தையோ குறிப்பையோ ஒலிப்பதிவையோ நேரடியாகப் பதிவேற்றக்கூடிய இணையக் களஞ்சியம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் 2020 மார்ச்சில் தொடங்கிய 'கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு' இந்த வகையின் முன்னோடி. அதே ஆண்டில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசென்ஸ்வைக் மையம் எல்லா மதத்தவருக்குமான பெருந்தொற்றுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தது. பின்னர் அமெரிக்க யூத அருங்காட்சியகங்களின் கூட்டமைப்புடன் இணைந்து, யூத அனுபவத்துக்கென்றே தனி நுழைவாயிலையும் அமைத்தது. ஊரடங்கின்போது வீட்டுக்கு வீடு போக முடியாத நிலையில் இதைவிட வேகமான, மலிவான கருவி வேறில்லை. நினைவு மங்குவதற்கு முன், நிகழ்வின் சூட்டோடு பொருள் கைக்கு வந்துவிடுகிறது. பின்னர் நினைத்து நினைத்துச் செப்பனிடப்பட்ட கதைக்கு இல்லாத ஒரு பச்சைத்தன்மை அதில் இருக்கிறது.

ஆனால் இந்தச் சமூகத்தைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு அடிப்படையிலேயே ஒரு கோணல் உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகை நாள்களிலும் மின்கருவிகளை இயக்கக் கூடாது என்பது மரபுவழி யூதர்கள் கடைப்பிடிக்கும் சட்டம். ஆகவே அவர்களுடைய வாழ்வில் மிக முக்கியமான நாள்களின் படங்கள் அவர்களிடம் இருக்க வாய்ப்பே இல்லை. 2020ஆம் ஆண்டின் யூதப் புத்தாண்டை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையாக அமைந்ததால் மரபுவழிச் சபைகளில் அன்று ஆட்டுக்கடாக் கொம்பால் ஆன எக்காளம் ஊதப்படவில்லை. செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அன்றுதான் ஊதினார்கள். ஆலயத்துக்கு வர இயலாதவர்களும் கேட்கட்டும் என்று தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் ஊதினார்கள். அந்த ஓசைக்காகவே வாசலில் வந்து நின்ற மரபுவழிக் குடும்பங்களில் எவரும் கைப்பேசியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காட்சி பதிவாகியிருந்தால், பெரும்பாலும் அண்டை வீட்டார் எடுத்த பதிவாகவே இருக்கும். பதிவேற்றத்தை நம்பியிருக்கும் களஞ்சியம் இந்த நாளைக் கணினித் திரையில் வழிபட்டவர்களின் நாளாகவே காட்டும். தெருவில் நின்றவர்கள் அதில் அநேகமாக இருக்கவே மாட்டார்கள்.

திரையைப் பயன்படுத்தலாமா என்பதே அந்த ஆண்டின் பெரிய வழக்காக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இஸ்ரேலில் மொராக்கோ மரபைச் சேர்ந்த ரபிகள் (யூத மதகுருக்கள்) சிலர், முதியோரின் தனிமையைக் கருதி, பஸ்கா இரவில் ஜூம் வழியாகக் குடும்பத்தோடு இணையலாம் என்று அனுமதித்தார்கள். தலைமை ரபிகள் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில், மரபுக்கும் மாற்றத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் இயக்கம் நெருக்கடிக்காலச் சலுகையாகத் திரைவழி மின்யானுக்கு இடம் கொடுத்தது. தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் சபைகளுக்கு இது பெரிய சிக்கலாகவே இல்லை. கட்டம் கட்டமாக முகங்கள் தெரியும் ஒரு கணினித்திரைப் படப்பிடிப்பைக் களஞ்சியத்தில் பார்க்கும் ஆய்வாளருக்கு, அந்தக் கருவியைச் சூரியன் மறையும் முன்பே இயக்கி வைத்தார்களா, வீட்டில் யாராவது மறுத்து எழுந்து போனார்களா என்பதெல்லாம் தெரியவராது.

இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய முடியும் என்பதற்கு யூத வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1925இல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) தோன்றிய, யூத வாழ்வை ஆராயும் யிவோ நிறுவனம் 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டிகளை நடத்தியது. எதை எழுத வேண்டும் என்ற விரிவான வழிகாட்டுதலையும் பரிசையும் அறிவித்ததால் 600க்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்து சேர்ந்தன. 'உங்கள் கதையைப் பகிருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'அந்தப் பஸ்கா இரவில் உங்கள் வீட்டில் மிகச் சிறியவர் கேட்க வேண்டிய கேள்விகளை யார் கேட்டார்?' என்று கேட்டால் ஒரு குடும்பமே பேசத் தொடங்கும்.

இரண்டாவது வழியான இணையதள அறுவடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலயங்களும் சமூக அமைப்புகளும் வெளியிட்ட பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் 'ஆர்க்கைவ்-இட்' போன்ற சேவையின் மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் நகலெடுத்து வைப்பது எளிது; யாருடைய நேரத்தையும் அதிகம் கேட்காது. ஆலயம் மூடப்பட்ட நாள், மீண்டும் திறந்த நாள், முகக்கவச விதி மாறிய நாள் ஆகியவை துல்லியமாகக் கிடைக்கும். முகநூல் பக்கங்களைச் சரியாகப் படியெடுப்பது கடினம். வாட்ஸ்அப் குழுக்களுக்குள் அது நுழையவே முடியாது. சமூகத்தின் உண்மையான பேச்சு அங்கேதான் நடந்தது என்பதால், இந்த வழியில் கிடைப்பது நிறுவனங்களின் குரல் மட்டுமே.

மூன்றாவது வழி, காகிதமும் பொருளும். எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகம் தெருச்சுவர்களில் ஒட்டப்படும் 'பஷ்கெவில்' சுவரொட்டிகளை நெடுங்காலமாகச் சேகரித்து வருகிறது. 2020இல் உலகெங்கும் உள்ள யூத சமூகங்களின் பெருந்தொற்றுக் காலத் துண்டறிக்கைகளையும் மின்வழிச் செய்திகளையும் அது திரட்டியது. மரபை மிகக் கடுமையாகக் கடைப்பிடித்து இணையத்தைத் தவிர்க்கும் ஹரேதி குடும்பங்களுக்குச் செய்தி சென்றது சுவரொட்டிகள், தொலைபேசியில் கேட்கும் அறிவிப்புத் தடங்கள், அச்சிட்ட வார இதழ்கள் ஆகியவற்றின் வழியாகத்தான். முதல் இரண்டு வழிகளும் தவறவிடும் மக்களை இந்த மூன்றாவது வழி பிடித்துவிடுகிறது என்பதே இதற்கு நான் தரும் முதல் மதிப்பெண். ஆலயக் கதவில் ஒட்டிய மூடல் அறிவிப்பு, இருக்கைகளுக்கு இடையே விட வேண்டிய தூரத்தைக் குறித்த நாடா, தனியாக இருப்பவருக்கென ஒருவர் அளவுக்குக் கட்டி அனுப்பிய பஸ்கா உணவுப் பெட்டியின் மேலட்டை போன்றவை அன்று குப்பை; இன்று ஆவணம்.

நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் வழிநடத்திய இரகசியக் குழு நாட்குறிப்புகளோடு டிராம் சீட்டுகளையும் மிட்டாய் உறைகளையும்கூடத் திரட்டிப் புதைத்து வைத்தது. 1946இலும் 1950இலும் மீட்கப்பட்டவை ஏறத்தாழ 35,000 பக்கங்கள். அந்தப் பேரழிவையும் ஒரு நோய்த்தொற்றையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கம் இல்லை. சேகரிப்பு முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்ற விதியினால் கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் குவிந்தன. 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பகுதியில் மட்டுமே 1,90,000க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. மலபார்க் கரைக்குக் கப்பலில் வந்து வணிகம் செய்த 12ஆம் நூற்றாண்டு யூதர்களின் கடிதங்களும் கெனிசா எனப்படும் அந்தத் திரட்டில் அகப்பட்டன. எவரும் திட்டமிடாததாலேயே கடைக்கணக்கும் அதில் தப்பியது. ஆனால் இன்றைய அருங்காட்சியகத்துக்கு அப்படி எல்லாவற்றையும் குவித்து வைக்க இடமில்லை. பொருள் தானாகப் பேசாது என்பது இன்னொரு குறை: விளக்கக் குறிப்பு இல்லாத முகக்கவசம் ஒன்றை எடுத்து வைத்தால், அது யாருடையது, அதை அணிந்ததற்காக அவர் ஆலயத்தில் ஏச்சுக் கேட்டாரா, அணியாதவரைப் பார்த்து அவர் முகம் சுளித்தாரா என்பது பத்தாண்டுகளில் மறைந்துபோகும்.

நான்காவது வழி வாய்மொழி வரலாறு. நான்கிலும் செலவு மிக்கது இதுவே. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். இத்திஷ், எபிரேயம், ரஷ்யன், பாரசீகம் என்று மொழிகள் பெருகினால் செலவும் பெருகும். காலம் கடந்து கேட்பதால், பேசுபவர் பின்னர் படித்தவற்றையும் தம் நினைவோடு கலந்துவிடுவார். இவ்வளவுக்குப் பிறகும் இதை நான் மேலே வைப்பதற்குக் காரணம், வேறெந்த வழியிலும் கிடைக்காத பகுதிகள் இந்த அனுபவத்தில் உள்ளன என்பதுதான். இறந்தவரின் உடலைக் கழுவி, வெண்துணி உடுத்தி, அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் தன்னார்வலர் குழு பல யூத சமூகங்களில் உண்டு. அந்தச் சடங்கைப் படம் எடுப்பதில்லை. செய்தவர்கள் அதைப் பெருமையாகப் பேசுவதும் இல்லை. 2020இல் அந்தச் சடங்கைச் சுருக்கவோ மாற்றவோ நேர்ந்தபோது அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், யாரிடம் கேட்டார்கள், அடக்கத்தின்போது பத்துப் பேர் சேராமல் காடிஷ் சொல்ல முடியாதபோது மகனிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு அறிவிப்புப் பலகையும் இல்லை, படமும் இல்லை. நம்பிக்கைக்குரிய ஒருவர் எதிரே அமர்ந்து கேட்டால் மட்டுமே அது வெளிவரும்.

பழியின் வரலாறும் அப்படியே. 2020 அக்டோபரில் நியூயார்க் மாநிலம் புரூக்ளினின் சில பகுதிகளைச் சிவப்பு வளையமாக அறிவித்து ஆலயக் கூட்டத்தைக் கடுமையாகக் குறைத்தது. நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தடை விதித்தது. அந்த வழக்கில் கத்தோலிக்க மறைமாவட்டத்தோடு மரபுவழி யூத அமைப்பும் மனுதாரராக இருந்தது. தீர்ப்பு எங்கும் கிடைக்கும். 'நோயைப் பரப்பியவர்கள் நீங்கள்' என்ற பார்வையைத் தெருவில் தாங்கியவர்களின் சொல்லும், அதே தெருவில் இருந்துகொண்டே தம் சபையின் அலட்சியத்தைக் கண்டு மனம் கசந்தவர்களின் சொல்லும் தீர்ப்பில் இருக்காது. இந்த இரண்டாம் தரப்பினர் எந்தப் பொதுக் களஞ்சியத்திலும் தம் பெயரோடு எதையும் பதிவேற்ற மாட்டார்கள். பிறரைப் பற்றி, உண்மையே ஆனாலும், தீங்காகப் பேசுவதை யூதச் சட்டம் பாவமாகக் கருதுகிறது. சமூகமும் சிறியது, பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நேர்காணலை 25 ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட முடியும். இந்தப் பாதுகாப்பு அறுவடையிலும் பதிவேற்றத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஒருமுறை நகலெடுக்கப்பட்ட பக்கத்தை உரியவர் தம் தளத்திலிருந்து நீக்கினாலும் நகல் இருந்துகொண்டே இருக்கும்.

தேர்வு எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. பெரும்பாலும் ரிஃபார்ம், கன்சர்வேடிவ் சபைகள் உள்ள ஊரில், வழிபாடே திரையில் வாழ்ந்ததால், சபைகள் வாடகைக்கு எடுத்த இணையச் சேமிப்புக் கணக்குகளில் விட்டுவைத்திருக்கும் ஜூம் பதிவுகளையும் இணையப் பக்கங்களையும் முதலில் மீட்க வேண்டும்; கட்டணம் நின்ற நாளில் அவை மறைந்துவிடும். மரபுவழிக் குடும்பங்கள் மிகுந்த ஊரில் அதே பணத்தை நேர்காணலுக்கும் காகிதத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நேர்காணல் கொடுக்க வருபவரிடமே வீட்டில் மிஞ்சிய அறிவிப்பையும் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னால், பொருளும் அதன் கதையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். உள்ளூர் அருங்காட்சியகம் தனியாகப் பதிவேற்றத் தளம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே உள்ள பொது நுழைவாயிலில் தன் பொருள்களின் பட்டியலை இணைத்தாலே போதும். நேர்காணல் வரிசையில் ரபிகளையும் அமைப்புத் தலைவர்களையும் பின்னால் வைக்கலாம். அவர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். முதல் இடங்களை உடல் கழுவும் குழுவினருக்கும், முதியோர் இல்லங்களில் பஸ்கா இரவைத் தனியே கழித்தவர்களுக்கும் கொடுப்பேன். அவர்களில் பலருக்கு வயது ஏறிவிட்டது.