மூன்று இடத்திலும் ‘தேடு’: ஒரு குறிப்புச் செயலியின் தமிழ் இடைமுகம்

இரண்டு மாதமாக ஒரு குறிப்புச் செயலியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்துப் பயன்படுத்துகிறேன். வேகம், எழுத்துரு எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. தேடப் போனால்தான் தடுமாற்றம்.

மேலே ஒரு ‘தேடு’, திறந்த குறிப்புக்குள் ஒரு ‘தேடு’, பக்கப் பட்டியலில் இன்னொரு ‘தேடு’. ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன்: சர்ச், ஃபைண்ட், ஃபில்டர். முதலாவது எல்லாக் குறிப்புகளையும் துழாவும், இரண்டாவது இந்தப் பக்கத்தில் அந்தச் சொல் எங்கே வருகிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும், மூன்றாவது பொருந்தாததை எல்லாம் மறைத்துவிடும். அந்த மூன்றாவதில் ‘ரசீது’ என்று அடித்துவிட்டு மறந்துபோனேன். மறுநாள் திறந்தால் 140 குறிப்பில் 3தான் நிற்கிறது, மற்றதெல்லாம் அழிந்துவிட்டது என்று அரை நாள் பதறினேன். ‘வடிகட்டு’ என்று போட்டிருந்தால் பார்த்ததுமே புரிந்திருக்கும், டீ வடிகட்டி இல்லாத வீடு ஏது? ஃபைண்டுக்குக் ‘கண்டுபிடி’ வேண்டாம், அது விஞ்ஞானிக்கும் போலீசுக்கும் உரிய சொல். ‘இந்தப் பக்கத்தில் தேடு’ போதும், நீளமானாலும் பரவாயில்லை.

ஒன்றும் அகப்படாவிட்டால் ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. வீடெல்லாம் தேடிப் பார்த்தவர் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்வார். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதிக்கு ஆங்கிலத்தில் ‘மேட்ச் கேஸ்’, இங்கே ‘வழக்கைப் பொருத்து’ என்று பெயர். இது கோர்ட் வழக்கு இல்லை என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ‘முழுச் சொல் மட்டும்’. அதைத் தேர்ந்தெடுத்து ‘மரம்’ என்று தேடினால் மரத்தில், மரங்கள், மரமும் எதுவுமே வராது. தேர்வை எடுத்துவிட்டாலும் வராது, ஏனென்றால் இவற்றில் மூன்றாம் எழுத்தாகப் புள்ளி வைத்த ம் இல்லை. சரி, ‘மர’ என்று சுருக்கினால் மரபும் மரணமும் சேர்ந்து வருகின்றன. வேற்றுமை உருபு ஒட்டும் மொழியில் ‘அடித்தபடியே இருந்தால் மட்டும்’ என்று எழுதினால்தான் அது செய்கிற வேலை விளங்கும்.

ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். ஸ்ரீ என்பதை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஶ சேர்ந்ததே 2005இல், அதனால் பழைய கோப்புகளில் ஸ வைத்ததுதான் இருக்கும். இந்தச் செயலி இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறது! இவ்வளவு நுணுக்கமாக உள்ளே வேலை செய்தவர்கள் வெளியே மூன்று பெயரையும் அதே அக்கறையோடு வைத்திருக்கலாம்.

5க்கு 3. மாற்றுச் சொற்களை எழுதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், அடுத்த பதிப்பில் வந்தால் மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்.