பீகிள்போன் பிளாக்கில் கெர்னல் டீபக்கிங்: ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடமாக என் மேசையில் பீகிள்போன் பிளாக் என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கோர் ஏஎம்3358 சிப், 512 எம்பி ரேம். லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் எழுதும் வேலை முழுக்க இதில்தான் பழகினேன்.

போர்டோடு சேர்த்தே 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிளும் வாங்கிவிடுங்கள். போர்டின் ஜே1 ஹெட்டரில் 1-ஆம் பின் கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ் (உள்ளே வருவது), 5 டிஎக்ஸ் (வெளியே போவது). 5 வோல்ட் கேபிளை மாட்டிவிடாதீர்கள். எச்டிஎம்ஐயை நம்பினால், கெர்னல் பூட்டின் ஆரம்பத்திலேயே விழும்போது கறுப்புத் திரைதான் மிஞ்சும். சீரியலில், கெர்னலை ஏற்றிவிடும் யு-பூட்டின் முதல் வரி முதல், கெர்னல் விழும்போது தரும் பிழை அறிக்கையான ஊப்ஸ் வரை எல்லாம் வந்துவிடும்.

அதே சீரியல் என்னை ஒரு வாரம் அலைக்கழித்ததும் உண்டு. நொடிக்கு 1000 இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சிக்னல்) அடிக்கும் ஒரு சென்சர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை டேட்டா குழம்பியது. வழக்கம்போல, இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லருக்குள் ஒரு பிரிண்ட்கே போட்டேன், அதாவது சீரியலுக்கு ஒரு வரி எழுதும் கெர்னல் ஃபங்ஷன். பிழை காணாமல் போனது. எடுத்தேன், திரும்ப வந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்: 115200 பாட் என்றால் நொடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்துள்ள ஒரு வரி வெளியே போக ஏறக்குறைய 7 மில்லி செகண்ட். இன்டரப்ட் வருவதோ மில்லி செகண்டுக்கு ஒன்று. நான் போட்ட வரியே ஓட்டத்தை மாற்றிவிட்டது.

டிரேஸ்_பிரிண்ட்கேக்கு மாறினேன். அது மெமரியில் உள்ள ரிங் பஃபரில் (நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும் இடம்) எழுதும், சீரியல் பக்கமே போகாது. கெர்னலின் டிரேஸ் கருவியான எஃப்டிரேஸின் பதிவில் விஷயம் தெரிந்தது. ரீட் ஃபங்ஷன் கவுன்ட்டைப் படித்து, குறைத்து, திரும்ப எழுதுவதற்குள் ஹேண்ட்லர் நடுவில் புகுந்து அதே கவுன்ட்டைக் கூட்டியிருந்தது.

இரண்டு இடத்திலும் ஸ்பின்_லாக் போட்டேன்: ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் அது கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு. போர்டு உறைந்தே போனது! ரீட் லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்து, அதே லாக்குக்காகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, விடுவிக்க ஆளில்லை. லாக் பயன்பாட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை ஆன் செய்து ஏற்றினால், “இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்” என்று உடனே காட்டிக்கொடுத்தது. ரீட் பக்கத்தில், லாக் கையில் இருக்கும்வரை அந்தக் கோரில் இன்டரப்ட்டைத் தடுத்துவைக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் ஆக்கினேன், தீர்ந்தது. இப்போதெல்லாம் எந்தப் புது டிரைவரையும் லாக்டெப்பும், தூங்கக்கூடாத இடத்தில் கோட் தூங்கினால் எச்சரிக்கும் டீபக்_அடாமிக்_ஸ்லீப்பும் இயங்கும் கெர்னலில்தான் முதலில் ஏற்றுவேன். போர்டு மெதுவாகும், பரவாயில்லை.

2008-இல் 2.6.26 கெர்னலில் சேர்ந்த கேஜிடிபியும் பயன்படுத்துகிறேன்; இன்னொரு கணினியில் ஓடும் ஜிடிபி என்ற டீபக்கரால் கெர்னலை நிறுத்திப் பார்க்கும் வசதி அது. ஸ்ட்ரக்சருக்குள் என்ன இருக்கிறது என்று நிறுத்திப் பார்க்க அருமையானது. டைமிங் பிழைக்கு உதவாது. ஒரே சீரியலில் கன்சோலும் ஜிடிபியும் முட்டிக்கொள்ளும். ஏஜென்ட்-ப்ராக்ஸி என்ற புரோகிராமை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். சிஸ்டம் அசையாமல் நின்றால் ரீபூட் செய்யும் வாட்ச்டாக் டைமரை அணைக்க மறந்தால் பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போதே போர்டு ரீபூட் ஆகிவிடும்.

சிப்பை நேரடியாக வெளியிலிருந்து நிறுத்திப் பார்க்க உதவும் ஜேடாக் கனெக்டர் போர்டில் பொருத்தப்படாமல்தான் வரும். நானே சோல்டர் செய்து, ஜேடாக் வழியே டீபக் செய்யும் ஓப்பன்ஓசிடி மென்பொருளோடு இணைத்தேன். ஐந்து வருடத்தில் மூன்று முறைதான் தேவைப்பட்டது, மூன்றுமே சீரியல் உயிர்பெறுவதற்கு முன்னால் நின்றுபோன யு-பூட்டுக்காக. டிரைவர் மட்டும் எழுதுகிறவர்கள் இதற்குக் காசு போட அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று: ஒவ்வொரு பில்டின் விஎம்லினக்ஸ் கோப்பையும் (கம்பைல் ஆன முழு கெர்னல்) தேதி போட்டு எடுத்துவைக்கிறேன். ஊப்ஸில் ஃபங்ஷன் பெயரும், அதற்குள் எவ்வளவு தூரம் என்ற ஆஃப்செட்டும்தான் வரும். அது எந்தக் கோப்பில் எந்த வரி என்று டீகோட்_ஸ்டாக்டிரேஸ் ஸ்கிரிப்ட் சொல்ல வேண்டுமானால், டீபக் தகவலோடு கம்பைல் ஆன அதே பில்டின் விஎம்லினக்ஸ் கையில் இருக்க வேண்டும்.