தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: அரை நாள் ஒதுக்கிவிட்டுச் செல்லுங்கள்

திருக்கடையூருக்கு மணிவிழாவுக்கோ சதாபிஷேகத்துக்கோ வரும் குடும்பங்கள், பந்தி முடிந்த கையோடு, பக்கத்தில்தானே தரங்கம்பாடி, கோட்டையையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று கிளம்புவது எங்கள் பக்கத்தில் வழக்கம். என் சித்தப்பாவின் மணிவிழாவன்று நாங்களும் அப்படித்தான் சென்றோம். வாடகை வேன் ஓட்டுநர் அரை மணி நேரம்தான் கொடுத்தார். அதுவும் உச்சி வெயிலில். கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு திரும்பிவிட்டோம். சென்ற தை மாதத்தில் அக்காள் மகனுடன் அரை நாள் ஒதுக்கிச் சென்றபோதுதான், முதல் முறை எவ்வளவை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது விளங்கியது.

செல்வதற்கு முன் கோட்டையின் வரலாற்றைச் சிறிதாவது படித்துக்கொள்வது மிக அவசியம். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் தளபதியான ஓவே கெட்டேக்கும் 1620-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி எழுந்தது இந்தக் கோட்டை. அப்போது நாயக்கர் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்று கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகு வாணிபத்துக்காக வந்த டேனியர்களுக்குப் பின்னர் தாய்நாட்டிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரு கப்பல்கூட வரவில்லை. 1669-இல் அடுத்த கப்பல் வந்து சேரும் வரை, எஸ்கில்ட் கொங்ஸ்பக்கே என்பவர் உள்ளூர் மக்களின் துணையோடு இந்தக் கோட்டையைக் காத்து நின்றார். இந்தச் செய்தி தெரிந்தவர் கொத்தளத்தில் ஏறி நின்று வெறுங்கடலைப் பார்ப்பதற்கும், தெரியாதவர் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

நேரே கோட்டை வாசலில் போய் இறங்காமல், 1792-இல் கட்டப்பட்ட ஊர் நுழைவாயிலில் இறங்கி ராஜ வீதி வழியாக நடந்து செல்வதே என் பரிந்துரை. 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-இல் ஜெர்மானிய கிறித்தவ மறைபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே அணிவகுப்புத் திடலுக்கு வந்து சேரும்போது, இது வாணிபமும் சமயமும் படையும் கூடி வாழ்ந்த ஒரு முழு ஊர் என்பது தானாகவே புலப்படும்.

கோட்டை இரண்டு அடுக்குகள் கொண்டது. பண்டகசாலைகளும் சிறையும் இருந்த கீழ்த்தளத்தில் வளைந்த கூரைகளுக்குக் கீழே நிற்கும்போது, வெளியே கொளுத்தும் வெயில் சற்றும் எட்டாத ஒரு குளுமை இருக்கிறது. உப்புக் காற்று பட்ட செங்கல்லைத் தடவினால் விரலில் செம்பொடி ஒட்டுகிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்குவை, டேனிஷ் ஆளுநரே 1708-இல் இந்தக் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறை வைத்தார். விடுதலையான சில ஆண்டுகளில் அவர் இதே ஊரில் அச்சகம் நிறுவித் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் என்பதை எண்ணியபடி அந்த அறைகளில் நின்றேன்; அச்சுத் தமிழைப் படித்து வளர்ந்த எவருக்கும் அங்கே மனம் நெகிழும்.

அருங்காட்சியகம் சிறியதுதான். வாள், குத்துவாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு ஆகிய படைக்கலங்களோடு பீங்கான் பாத்திரங்களும் சீனத் தேயிலை ஜாடிகளும் டேனிஷ் ஆவணங்களும் திமிங்கில எலும்பும் வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் எலும்பைத்தான் முதலில் தேடி ஓடுவார்கள். என்னைக் கட்டிப்போட்டது தேயிலை ஜாடி. தஞ்சை மண்ணில், டேனியர் கோட்டையில், சீன ஜாடி எதற்கு என்று பையன் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்லப் புகுந்து, கிழக்கிந்திய வாணிபம் முழுவதையும் அங்கேயே பேசி முடித்தோம். மேலே கடலை நோக்கி நிற்கும் பீரங்கிகளைக் கண்டதும், நெப்போலியன் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் இந்த ஊரை 1801-இலும் 1808-இலும் கைப்பற்றியதையும், இறுதியில் 1845-இல் டேனியர் இதையும் வங்கத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டதையும் அவனுக்குச் சொன்னேன்.

மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து வசதி உண்டு. அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுவது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இல்லாத தை, மாசி மாதங்களே ஏற்றவை. மேல்தளத்துக்கு ஏறுவது முதியவர்களுக்குச் சிரமம். அவர்களைக் கீழ்த்தளத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்க்கச் செய்யலாம். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.

கோட்டையைப் பார்த்து முடித்த பின், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, கடல் அரித்தது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயில் வரை கரையோரமாக நடந்து செல்லுங்கள். டேனியர் வந்தபோது முந்நூறு ஆண்டுப் பழமையோடு அங்கே நின்றிருந்த கோயில் அது.