தலைப்பிரசவம்: பேரீச்சையா, விளக்கெண்ணெயா, சீரகக் கஷாயமா?

ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் போதும், தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைச் சுற்றி யோசனைகள் வரிசைகட்டி நிற்கும். அம்மா சீரகக் கஷாயம் என்பார். பெரியம்மா விளக்கெண்ணெய் என்பார். யூடியூப் பேரீச்சம்பழம் என்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் ராஸ்பெரி இலைத் தேநீர் வாங்கி அனுப்புகிறார். எல்லாமே இயற்கை, எல்லாமே சுகப்பிரசவத்துக்கு. ஆனால் இவை செய்யப்பார்க்கிற வேலை ஒன்றல்ல. சில, உடம்பைத் தயார்ப்படுத்த. சில, வலியை வரவழைக்க. சில, வந்த வலியைத் தாங்கத் தெம்பு கொடுக்க.

இன்னொன்றும் உண்டு. ‘குடித்த கையோடு பிறந்துவிட்டது’ என்று சொல்கிறவரிடம், அது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும். ஒரு முறை விரிந்து பழகிய கருப்பை வாய்க்கு அடுத்த முறை அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது கணக்காகவே இருக்கிறது. கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு, முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். அடுத்தடுத்த பிரசவங்களுக்கு 10. முக்கித் தள்ளும் கட்டம் முதல் முறை 3 மணி நேரம் வரை, பிறகு 2. அந்த 5 செ.மீ. வருவதற்கு முந்தைய இழுபறிக்கோ கணக்கே கிடையாது. தலைச்சன் பிள்ளைக்காரிகள் சோர்ந்துபோவது பெரும்பாலும் அந்த இழுபறியில்தான். ஆகவே எந்த வைத்தியமானாலும், முதல் பிரசவத்தில் அது என்ன செய்தது என்பதுதான் நமக்கு வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவாகப் பதில் சொல்வது பேரீச்சம்பழம். 2011-இல் வெளியான ஜோர்டான் ஆய்வில், பிரசவத் தேதிக்கு முந்தைய நான்கு வாரம் தினம் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்தபோதே சராசரியாக 3.5 செ.மீ. திறந்திருந்தது, மற்றவர்களுக்கு 2 செ.மீ. மேலே சொன்ன ஆரம்ப இழுபறி பழம் சாப்பிட்டவர்களுக்கு 510 நிமிடம், சாப்பிடாதவர்களுக்கு 906. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. பழம் சாப்பிடுகிற பெண் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். மலேசியாவில் தலைப்பிரசவக்காரர்களை மட்டும் எடுத்து, குலுக்கலில் பிரித்து, 37-ஆம் வாரத்திலிருந்து தினம் ஏழு பழம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி முன்கூட்டி வந்துவிடவில்லை. ஆனால் வலியைக் கூட்ட மருந்து தேவைப்பட்டவர்கள் பழம் சாப்பிட்டவர்களில் 37 சதவீதம், சாப்பிடாதவர்களில் 50 சதவீதம். அற்புதமில்லை, ஆனால் ஒரு பழத்துக்கு இது பெரிய மதிப்பெண்.

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே பேரீச்சம்பழம் வருகிறது. அதைக் கடைசி மாதத்துக்கு எடுத்து வைக்கலாம். ஒரே தடை சர்க்கரை. சாதாரணப் பேரீச்சை ஆறில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். பெரிய பெரிய மெஜூல் வகை என்றால் ஆறுக்கு 90 கிராமைத் தாண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டவர்கள், மருத்துவரைக் கேட்காமல் பேரீச்சையைத் தொடவே கூடாது.

விளக்கெண்ணெயை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலையும் கருப்பையையும் சுருங்கவைக்கும் ஓர் ஏற்பியை, அதாவது செல்லில் உள்ள ஒரு புரதத்தை, தூண்டுகிறது என்று ஜெர்மனி விஞ்ஞானிகள் 2012-இல் எலிகளில் காட்டினார்கள். ஆக, பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. சிக்கல் வேறு இடத்தில். தேதி தாண்டியும் வலி வராத பெண்களுக்கு 60 மி.லி. கொடுத்துப் பார்த்த இஸ்ரேல் ஆய்வில், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு வலி வந்தது, தலைப்பிரசவக்காரர்களுக்குப் பலனில்லை. பெரியம்மாவின் அனுபவமும் பொய்யில்லை, அது இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாததும் பொய்யில்லை. கிடைப்பது என்னவோ குமட்டலும் பேதியும்தான். சூடான பாலில் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்து, உடம்பில் நீர் வற்றிப்போய் மறுநாள் வலிக்குத் தயாராவது எந்த வகையில் சுகம்?

கர்ப்பிணிகளுக்கு அரசு தந்த சித்த மருந்துத் தொகுப்பான அம்மா மகப்பேறு சஞ்சீவி பெட்டகத்தில் இருந்த பாவன பஞ்சாங்குல தைலமும் ஆமணக்கெண்ணெய் சார்ந்ததுதானே என்று கேட்கலாம். சரி. ஆனால் சித்த மருத்துவர் அளவு சொல்லி, பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் தெரிந்து எடுப்பது ஒன்று. கடையில் வாங்கிய பாட்டிலைக் கண்ணளவில் ஊற்றுவது வேறு.

சீரகக் கஷாயத்தின் கதை தனி. இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சீரகத்தைப் போட்டு, அது பொரிந்து கருகும் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரை ஊற்றினால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், வீடே மணக்கும். பாதியாகச் சுண்டியதும் பனங்கருப்பட்டி தட்டிப்போட்டு, வடிகட்டி, ஒரு ஸ்பூன் நெய்யோ வெண்ணெயோ விட்டுச் சூடாகக் கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அடங்கும், பிரசவ வலியானால் கூடும் என்பது கணக்கு. எனக்கு இது பிடித்த வைத்தியம், ஏனென்றால் இது வலியை வரவழைக்கப் பார்ப்பதில்லை, என்ன வலி என்று பார்க்கத்தான் பார்க்கிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் அலைச்சல் கூடினாலும் வரும் பொய்வலி, வெதுவெதுப்பாக எதையாவது குடித்துச் சாய்ந்து படுத்தாலே அடங்கிவிடும். இந்தச் சோதனைக்கு வெறும் வெந்நீரும் போதும் என்று சொன்னால் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு நிபந்தனை மட்டும்: பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்.

ராஸ்பெரி இலை நம் ஊரில் விளைவதில்லை. ஆஸ்திரேலியா, பிரிட்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களிடம்தான் இந்தப் பேச்சு. ஆஸ்திரேலியாவில் 192 தலைப்பிரசவப் பெண்களிடம் 32-ஆம் வாரத்திலிருந்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டம் குறையவில்லை. தள்ளும் கட்டம் சுமார் 10 நிமிடம் குறைந்தது. பத்து நிமிடத்துக்காகக் கூரியர் செலவு செய்ய வேண்டுமா என்பது அவரவர் விருப்பம்.

நெய் நிறையச் சாப்பிட்டால் குழந்தை வழுக்கிக்கொண்டு வரும் என்பதற்கு ஒரு வரி போதும்: நெய் இரைப்பைக்குப் போகிறது, பிறப்புவழிக்குப் போவதில்லை.

சிரிக்க முடியாதது கலப்பைக்கிழங்கு. கண்வலிக்கிழங்கு, செங்காந்தள் என்றெல்லாம் சொல்கிறோமே, நம் மாநில மலர், அதன் கிழங்கு. அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசினால் சீக்கிரம் பிரசவமாகும் என்பது பழைய வழக்கம். அதில் இருப்பது கோல்சிசின். உள்ளே போனால் உயிரையே எடுக்கும். ‘பூசத்தானே’ என்று வீட்டுக்குள் கொண்டுவருவதுகூட வேண்டாம். பெயர் சொல்லாத பொட்டலத்தில் வரும் ‘பிரசவப் பொடி’க்கும் இதே பதில்தான்.

எண்ணெய்தான் வேண்டும் என்றால் வெளியே பயன்படுத்தலாம். 35-ஆம் வாரம் வாக்கிலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறை, சுத்தமான கையால், யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிட்டால், தலைப்பிரசவத்தில் தையல் போடும்படியான கிழிசலும், பிறப்புவழியை அகலப்படுத்தப் போடும் வெட்டும் குறைகின்றன. எப்படிச் செய்வது என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், வலி வந்தபின் சாப்பாடு. எந்தக் கஷாயத்தைவிடவும் இதுதான் தெம்பு. ஆபத்து குறைந்த பிரசவத்தில் பெண் விரும்பினால் சாப்பிடவும் குடிக்கவும் விடலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கஞ்சி, மோர், இளநீர், இட்லி, இரண்டு பேரீச்சை, எது இறங்குகிறதோ அது. சிசேரியனுக்கு வாய்ப்பு தெரிந்தால் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். எதுவரை சாப்பிட விடுவீர்கள் என்பதைக் கடைசி மாதப் பரிசோதனையிலேயே கேட்டு வைத்துக்கொண்டால், பிளாஸ்கில் எதை ஊற்றுவது என்ற சண்டை பிரசவ அறை வாசலில் வராது.