கர்ப்பிணிக்குக் கொழுந்து மலையா, ரோட்டு நடையா, காம்பராவுக்குள் பயிற்சியா?

“நாள் முழுக்க மலையில நிக்கிற புள்ளைக்குத் தனியா என்ன எக்ஸர்சைஸ்?” என்று அம்மா கேட்கிறார். தங்கச்சிக்கு ஆறாம் மாதம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. மலை வேலையை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்து எடுக்கும்போது கூடைக் கயிறு தலையை இழுக்கும், இடுப்பில் கட்டிய படங்குத் துணி மழையில் நனைந்து கனக்கும். கானை, அதாவது வடிகாலை, தாண்ட ஒரு காலை எட்டி வைத்தால் ஈர மண் வழுக்கும். வயிறு பெரிதாகப் பெரிதாக உடம்பின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது, மூட்டுகளும் தளர்கின்றன. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். மணிக்கணக்கில் நிற்பதும் பாரம் சுமப்பதும் குறைமாதப் பிரசவ வாய்ப்பைச் சற்றுக் கூட்டக்கூடும். களைத்தாலும் உட்கார முடியாது, பறித்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் சம்பளத்தில் தெரியும். வயிறு தெரியத் தொடங்கியதும் சரிவு இல்லாத, பாரம் இல்லாத வேலையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரோட்டில் நடப்பதில் வேகம் நம் கையில். கர்ப்பத்தில் சிக்கல் இல்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடம்பை இயக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அரை மணி நேரமாக ஐந்து நாள் போதும். “நடந்தால் கரு கலையும்” என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை; கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரஷர் சிக்கலும் வரும் வாய்ப்பு குறைகிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். நம் ஊரில் ஏற்றம் இல்லாத ரோட்டைத் தேடுவதே பாதி வேலை. மலையைச் சுற்றிப் போகும் ரோட்டில், மூடுபனி இறங்குவதற்கு முன்பே நடந்துவிடுவது நல்லது. கொழும்பிலிருந்து பிரசவத்துக்கு நுவரெலியா தாய் வீட்டுக்கு வருகிறவர்கள் 1868 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழகும் வரை சில நாள் மெதுவாக நடக்கட்டும்.

அடைமழை நாளில் காம்பராதான், அதாவது லயத்து வீட்டு அறைதான். கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சிறுநீரை அடக்குவது போல இடுப்புக்கீழ்த் தசையை இறுக்கி விடுவது. முதல் மூன்று மாதத்துக்கு அப்புறம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி வேண்டாம். கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். விறகடுப்பு எரியும்போது அந்தப் புகையில் எதையும் செய்யாதீர்கள். நடையோடு சேர்த்தால் இது நல்ல துணை, தனியே இதை மட்டும் நம்ப மாட்டேன்.

இரத்தம் பட்டால், நீர் கசிந்தால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், வயிறு விட்டு விட்டு இறுகி வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நச்சுக்கொடி கீழே இருக்கிறவர்கள், பிரஷர் ஏறியவர்கள், இரத்தம் மிகக் குறைந்தவர்கள் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தங்கச்சிக்கும் இரத்தம் கொஞ்சம் குறைவு. அதனால் மருத்துவிச்சியிடம் கேட்டு, இப்போதைக்குக் கோயில் வரை பதினைந்து நிமிட நடை மட்டும்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று அவர் சொன்ன பிறகு, இப்போது தோடம்பழச் சாற்றோடு குடிக்கிறாள்.