பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல்: எதை நம்பலாம், எதற்குக் காசு கட்டக்கூடாது

11 மணிக்கு மேல் அப்பாவுக்குத் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றுவோம். காலையில் போட்ட லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையின் வேகம் அப்போது இறங்கத் தொடங்கிவிடும். வெள்ளவத்தை வீட்டு வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். அதனால் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய செல், “ஏற்றினால் சரியாகும்” என்று யார் சொன்னாலும் எங்களுக்குக் காது நீளும்.

இந்த நோயில் சாவது, அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புச் செல்கள். அவற்றின் டோபமைன் முக்கியமாகத் தேவைப்படுவது மூளையின் ஆழத்திலுள்ள புட்டமென் பகுதியில். புதுச் செல் அங்கே போகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

கியோட்டோ பல்கலைக்கழகக் குழு, ஆரோக்கியமான ஒருவரின் செல்லை, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஐபிஎஸ் செல்லாக மாற்றி, அதிலிருந்து வளர்த்த செல்களை 7 பேருக்கு அங்கே வைத்தது. மருந்து இறங்கிய நேரத்து அசைவு, அளந்து பார்த்த 6 பேரில் 4 பேருக்கு 2 வருடங்களில் முன்னேறியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு ஆரம்பநிலைக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்ததை வைத்தார்கள். கூடிய அளவு பெற்றவர்களுக்கு 18 மாதத்தில் அசைவுக் கோளாறின் புள்ளி (கூடினால் மோசம்) சராசரியாக 23 குறைந்தது. இரண்டும் 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தவை.

23 பெரிய எண்தான். ஆனால் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. சத்திரசிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையே இந்த நோயாளியைக் கொஞ்சம் நிமிர்த்திவிடும். 2001இல் கருத்திசு வைத்துச் சோதித்தபோது, சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் கட்டுப்படாத ஆட்டம் வந்ததையும் மறக்க முடியாது. அமெரிக்கச் செல்லை இப்போது செல் வைக்காத போலிச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதனால் என் கண் அந்தப் பக்கம்தான். இரண்டு வழியிலும் ஒரு வருடமளவு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்க வேண்டும். டெங்கு சுற்றும் கொழும்பில் அது சின்ன விஷயமில்லை.

நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே வளர்த்தால் அந்த மருந்து வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மாதக்கணக்கில் தனியாக வளர்க்க வேண்டும்.

அப்புறம் சேலைன் மாதிரி ஏற்றும் செல். வயிற்றுக் கொழுப்பிலோ எலும்பு மச்சையிலோ எடுத்த செல்லை இரத்த நாளம் வழியே ஏற்றுவது. சென்னைக்குக் கூட்டிப்போவதாக ஒரு முகவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்படி ஏற்றும் செல்களில் பெரும்பங்கு நுரையீரலில் சிக்கிக்கொள்ளும், டோபமைன் நரம்பாகவும் மாறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியே, இதை ஆய்வுக்கு வெளியே விற்கக்கூடாது என்கிறது. அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கத் தயாராக இருந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“திரும்பக் கையெழுத்து ஒழுங்காகப் போடுவேனா தம்பி?” என்று அப்பா கேட்டார். வங்கிப் படிவத்தில் அவருடைய எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் மாத்திரை நேரத்தை மாற்றலாமா, மூளையில் மின்முனை வைக்கும் சிகிச்சைக்கு அப்பா பொருத்தமா என்று நரம்பியல் நிபுணரிடம் கேட்கத் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.