ஓபோசான்-பின் சேவை: யாருக்கு உதவும், யாருக்கு வேண்டாம்

ஜப்பானில் திதி, ஈமக் காரியங்களுக்குப் பௌத்த பிக்குவை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் சேவை இது. 2015 டிசம்பரில் அமேசான் ஜப்பானில் வந்தபோது அடிப்படைக் கட்டணம் 35,000 யென். வண்டிச் செலவு, சாப்பாட்டுப் பணம் எல்லாம் அதில் அடக்கம். கோயிலில் தட்சிணை எவ்வளவு என்று கேட்டால் "உங்கள் மனம்போல" என்பார்கள். சொந்தக்காரர்களிடம் விசாரித்துத்தான் உறையில் வைக்க வேண்டும். அந்தத் தவிப்பு இங்கே இல்லை. தட்சிணைக்கு விலை ஒட்டுவதா என்று அகில ஜப்பான் பௌத்த சம்மேளனம் எதிர்த்தது. 2019இல் அமேசான் விற்பனை மட்டும் நின்றது; சேவை தொடர்கிறது.

ஆனாலும் கோயில் வளாகத்தில் குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அவசரப்பட்டுப் பதிய வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில், தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல என்று காட்ட, ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு கோயிலில் பெயர் பதிய வேண்டும் என்று அப்போது ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஆட்சி விதி வைத்தது. அடுத்து வந்த மெய்ஜி அரசு 1871இல் அதை எடுத்துவிட்டது. முன்னோர் அஸ்தி கோயிலிலேயே இருந்ததால் குடும்பங்கள் விலகவில்லை. 'எனக்கு மதமில்லை' என்பவர்கூட ஆண்டுச் சந்தா கட்டி, முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்குக் கல்லறையைக் கழுவ வருவது இதனால்தான். இப்படிச் சேர்ந்த குடும்பத்துக்குத் தான்கா என்று பெயர்.

தான்கா வீட்டார் வெளிப் பிக்குவிடம் காரியம் செய்து, இறந்தவருக்கான பௌத்தப் பெயரையும் அவரிடமே வாங்கினால், சொந்தக் கோயில் அஸ்தியை ஏற்க மறுக்கலாம். மறுபடி பெயர், மறுபடி தட்சிணை. மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். கோயில் தூரமென்றால் முதலில் அங்கே தொலைபேசியில் கேளுங்கள். பக்கத்தில் உள்ள அதே பௌத்தப் பிரிவுக் கோயிலைக் கைகாட்டுவது வழக்கம்தான்.

தோக்கியோவின் தாமா போன்ற பொதுக் கல்லறைத் தோட்டங்களில் பிரிவுக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே இடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவை நன்றாகவே பொருந்தும். பதியும்போது பிரிவைச் சரியாகச் சொல்லுங்கள். ஜோதோ ஷின்ஷூ என்ற பிரிவு வீடுகளில், இறந்தவரின் பௌத்தப் பெயர் எழுதிய பலகையைப் பொதுவாக வைப்பதில்லை. தெரியாமல் செய்யச் சொல்லிவிட்டால் பணம் வீண். நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். இறந்த ஆண்டையும் சேர்த்து எண்ணுவதால், மூன்றாம் ஆண்டுத் திதி 2 ஆண்டு நிறைவிலேயே வந்துவிடும். வார இறுதிக்கு மாற்றுவதானால் முன்தள்ளலாம், பின்தள்ளக் கூடாது.

இந்தச் சேவையை நம்பிக் கோயிலை விட்டே விலக நினைப்பவர்கள், விலகுவதாகக் கடிதம் போடுவதற்கு முன் நேரில் போய்ப் பேச வேண்டும். அஸ்தியை வேறிடத்துக்கு மாற்ற நகராட்சி அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்துக்கு, அஸ்தி அங்கே இருக்கிறது என்று பழைய கோயில்தான் சான்று தர வேண்டும்.